நல்லம்பள்ளிக்கு ஒரு நாணயக் கண்காட்சி வேண்டும்

2022 ஜூன் மாதம், தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சேலத்துக்குப் போய்க் கார் வாங்கினார். விலையாக அவர் கொண்டுபோன 6 லட்சம் ரூபாயும் 10 ரூபாய் நாணயங்கள். ஒரு நாணயம் 7.71 கிராம் என்றால் மொத்தம் 460 கிலோவுக்கு மேல். மூட்டை மூட்டையாக இறக்கி, தரையில் கொட்டி எண்ணியதைத் தொலைக்காட்சிகள் வேடிக்கைச் செய்தியாகக் காட்டின. அவர் சொன்ன காரணத்தில்தான் வேடிக்கை இல்லை. வீட்டார் நடத்தும் கடையில் சேரும் 10 ரூபாய் நாணயங்களை ஊரில் யாரும் திரும்ப வாங்கவில்லை. செல்லாக் காசு என்று பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாணயச் சட்டப்படி ஒரு பரிவர்த்தனையில் 1,000 ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஆகவே, கார் விற்றவர்கள் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒற்றை நாணயத்தை மறுத்தவர்களுக்கு எந்தச் சட்டமும் துணை இல்லை. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நான்கு ஆண்டு கழிந்தும் அந்த அறிவிப்பு தருமபுரி மாவட்டத்துக் கல்லாப் பெட்டிகளை எட்டவில்லை.

வதந்தி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் நோய் எது என்பது விளங்கும். ஒரு நாணயத்தில் ரூபாய்க் குறியீடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஒன்றில் பத்துக் கதிர்கள், மற்றொன்றில் பதினைந்து. இரண்டும் ஒன்றுபோல் இல்லாததால் ஏதோ ஒன்று கள்ளக் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் முடிவுகட்டினார்கள். ரூபாய்க்குக் குறியீடு ஏற்கப்பட்டதே 2010 ஜூலையில்தான். அதற்கு முன் அச்சான நாணயத்தில் அது எப்படி இருக்கும் என்று கேட்க ஊருக்கு ஓர் ஆள் இல்லை. அமெரிக்காவின் கால் டாலர் நாணயம் 1999 தொடங்கிப் பத்து ஆண்டுகளில் ஐம்பது மாநிலங்களுக்கு ஐம்பது பின்புறங்களோடு வந்தது. யூரோ நாணயத்தின் ஒரு முகம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுமுகம் நாட்டுக்கு நாடு வேறு. இதையெல்லாம் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்த பத்துப் பேர் ஒரு ஊரில் இருந்திருந்தால், பதினைந்து கதிர் வதந்தி அந்த ஊரில் ஒரு வாரம் தாங்கியிருக்காது. உலக நாணயம் சேர்ப்பது வெட்டிப் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய இடம் இதுதான். பணத்தைப் படிக்கக் கற்றுத்தரும் மிக மலிவான பாடப் புத்தகம் அது. தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி போன்ற வட்டத் தலைநகரங்களுக்கு நாணயக் கண்காட்சி வர வேண்டும். வந்தால் அதில் முதல் மேசை உலக நாணயங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நாணயக் கண்காட்சி என்பது பெரும்பாலும் சென்னை, கோவை, சேலம், மதுரை, பெங்களூரு போன்ற நகரங்களின் கல்யாண மண்டபங்களிலும் அரங்குகளிலும் இரண்டு மூன்று நாள் நடப்பது. ஒரு பக்கம் கண்ணாடிச் சட்டங்களில் காட்சிப் பொருள்கள். மறுபக்கம் வியாபாரிகளின் மேசைகள். கூட்டம் எங்கே மொய்க்கிறது என்று கவனித்தால், பிறந்த தேதி எண் வரும் ரூபாய் நோட்டு, 786-இல் முடியும் நோட்டு, சாமி படம் போட்ட காசு, இவை இருக்கும் மேசைகளில். அடுத்தபடியாகச் சோழர் காசு, சேரர் காசு, வெள்ளி ரூபாய். இவற்றுக்கெல்லாம் ஒதுக்குப்புறமாக ஒரு தட்டு இருக்கும். ஐம்பது, அறுபது நாட்டுச் சில்லறை அதில் குவிந்து கிடக்கும். எதை எடுத்தாலும் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். சிலர் எடை போட்டும் விற்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அங்கே குனிந்து கிளறிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் அதைக் குப்பைத் தட்டு என்று தாண்டிப் போவார்கள். கண்காட்சியிலேயே பொருள் பொதிந்த இடம் அந்தத் தட்டுதான்.

அதிலிருந்து சிலவற்றைப் பொறுக்கிப் பார்க்கலாம். துருக்கியின் 2,50,000 லிரா நாணயம் ஒன்று கிடைக்கக்கூடும். இரண்டரை லட்சம் என்று பொறித்த அது நம் ஐம்பது பைசா மாதிரிச் சில்லறை. 2005 ஜனவரியில் துருக்கி தன் பணத்திலிருந்து ஆறு சுழியங்களை வெட்டியபோது அந்த இரண்டரை லட்சம் கால் லிராவாகச் சுருங்கியது. பணவீக்கம் என்பதைப் பொருளாதாரப் பாடத்தில் வரையறையாக மனப்பாடம் செய்யும் ப்ளஸ் டூ மாணவனுக்கு, இந்த ஒரு நாணயம் விளக்கும் அளவுக்குப் பத்துப் பக்கம் விளக்காது. அடுத்து 1943-ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட். எப்போதும் செம்பாக இருக்கும் அது அந்த ஒரு வருடம் இரும்பு; காந்தத்தை நீட்டினால் ஒட்டும். செம்பு முழுவதும் போருக்குப் போனதால், எஃகில் துத்தநாகம் பூசி அடித்தார்கள். அதே 1943-இல்தான் நம் ஊரில் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. பழைய ஆட்கள் ஓட்டைக் காலணா என்று நினைவு வைத்திருப்பது அதைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் உலகப் போரின் உலோகப் பஞ்சம் உள்ளங்கையில் தெரிகிறது. வெள்ளி ரூபாயும் அதே கதையைச் சொல்லும். 1940-க்கு முன் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றுக்கு மேல் வெள்ளி, அதன் பிறகு பாதிக்குப் பாதி. ஜப்பானின் 5 யென் நாணயத்தில் நாம் படிக்கக்கூடிய எண்ணே கிடையாது. தலை சாய்ந்த நெற்கதிர், நீரலைக் கோடுகள், துளையைச் சுற்றிப் பற்சக்கரம்: உழவும் மீன்பிடிப்பும் தொழிலும் என்று படத்திலேயே சொல்லிவிடுகிறது. நெல்லறுத்த கைக்கு அந்தக் கதிரை அடையாளம் காட்டத் தேவையில்லை. குவைத்தின் 100 ஃபில்ஸில் பாய்மரக் கப்பல், அமீரகத்தின் ஒரு திர்ஹாமில் காப்பிக் கூஜா. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டு டப்பாக்களில் இவை சும்மா கிடக்கின்றன. பணம் மாற்றும் கடைகள் பொதுவாக நோட்டைத்தான் வாங்கும், சில்லறையை வாங்காது. உலக நாணயத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கத் தேவையான சரக்கில் பாதி நம் ஊர் அலமாரிகளிலேயே இருக்கிறது.

நம் மரபையே இன்னும் முழுதாக அறியாத நமக்கு அந்நியக் காசு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் ஆர்வத்தில் எழும் கேள்வி, மதிக்க வேண்டியதுதான். ஆனால் தமிழ் மண்ணைத் தோண்டினால் வருவது என்ன? கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் கிடைத்தவை 522 ரோமானிய வெள்ளிக் காசுகள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு பானையில் கிடைத்தவை 501 ரோமானியப் பொற்காசுகள். அந்தப் புதுக்கோட்டைக் காசுகளில் ஒரு விசேஷம்: பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. தேய்ந்துபோன காசு இனிப் பணமாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கமாகவே எடை போடப்பட வேண்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று. ரோமானியப் பேரரசரின் முகத்தை வெட்டியது இந்தப் பக்கத்து உளி என்றால், வந்த பணத்தை அப்படியே நம்பிவிடாமல் சோதித்து, தரம் பிரித்து, தள்ள வேண்டியதைத் தள்ளும் வழக்கம் இங்கே ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்று கொள்ளலாம். பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டு மிரண்ட நம் காலத்தோடு ஒப்பிட்டால் சங்கடமாகத்தான் இருக்கிறது. சீனக் காசுகள் தஞ்சைப் பகுதியில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வெனிஸ் நகரப் பொற்காசு இங்கே தாலிக்கொடியிலும் காசுமாலையிலும் ஏறியது. அதில் புனித மாற்குவின் முன் கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி மண்டியிட்டிருக்கும் வெனிஸ் ஆட்சித் தலைவரைப் பனை ஏறுகிறவராகப் பார்த்து, சாணார் காசு என்று அதற்கு நம்மவர்கள் பெயரும் வைத்தார்கள். இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் எண்ணும் பவுன், 1817 முதல் லண்டனில் அச்சான சவரன் நாணயத்தின் எடைதான், அதன் 7.988 கிராமை 8 என்று முழுதாக்கிக்கொண்டோம். 1918-இல் பம்பாயிலேயே பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சவரன்கள் அச்சாயின.

நல்லம்பள்ளி இருக்கும், முன்பு பாராமகால் எனப்பட்ட வட்டாரத்தின் கதையும் இதுதான். 1792 வரை இது மைசூர் ஆட்சி. திப்புவின் செம்புக் காசில் யானை நின்றது. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலவரி நிர்ணயிக்க இங்கே வந்தார்கள். கம்பெனியின் சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அந்தக் காசு எங்கே அச்சாயிற்று? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், மாத்யூ போல்டனின் நீராவி அச்சுக்கூடத்தில். 1808 என்று ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களைச் சுமார் 48 டன் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980-களின் நடுவில் முக்குளித்தவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமான காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு முகத்தில் கம்பெனியின் சிங்க முத்திரையும் லத்தீன் வாசகமும். மறுமுகத்தில் பாரசீக எழுத்தில் மதிப்பு. சென்னை மாகாணத்துச் சந்தைகளில் கத்தரிக்காயும் உப்பும் வாங்கப் புறப்பட்ட அந்தக் காசு, இன்று பெர்லின் முதல் சிகாகோ வரை எந்தக் கண்காட்சியிலும் உலக நாணயம் என்ற பலகையின் கீழ் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. நம் காசு எது, அவர்கள் காசு எது என்று கோடு போட முனைபவர்கள் இதை எந்தப் பக்கம் வைப்பார்கள்? அதே ஆண்டுகளில் சென்னை அச்சுக்கூடம் அடித்த வெள்ளி அரை வராகனில் கோபுரமும் நட்சத்திரங்களும் ஒரு முகம், திருமால் மறுமுகம். மதிப்பு தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டிய வெள்ளியோ ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய டாலரின் சுவடு இன்னும் தெரியும்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: தமிழ் அயல்நாட்டுப் பணத்தில் ஏறியிருக்கிறது. 1870-இல் விக்டோரியா அரசியின் பெயரில் வந்த இலங்கைச் செம்புக் காசுகளில் பனையைப் போன்ற மரத்தின் இருபுறமும் சிங்களமும் தமிழும். சிங்கப்பூர் 1985 முதல் வெளியிட்ட வரிசைகளில் நான்கு மொழிகளில் ஒன்றாக நாட்டின் பெயர் தமிழில். மொரீஷியஸ் 1998-இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழுக்கு வழக்கமாக இருந்த இடம் இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதால் அங்குள்ள தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு நோட்டில் எந்த வரி மேலே, எது கீழே என்பதற்கு ஓர் அரசு பணிந்த கதை இது. உலக நாணய ஆல்பம் வைத்திருப்பவருக்குத் தமிழின் பரப்பு தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே, கண்காட்சிக்குப் போவானேன் என்பது இளைஞர்கள் கேட்பது. நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தையில் ஆடு வாங்குகிறவர் யாரும் போட்டோவைப் பார்த்து விலை பேசுவதில்லை. முதுகை அழுத்தி, பல்லைத் திறந்து, தூக்கிப் பார்த்துத்தான் பேசுகிறார். நாணயத்துக்கும் அதே நியாயம். போலி நாணயத்தின் முகம் படத்தில் அழகாகவே இருக்கும். குட்டு உடைவது விளிம்பில்தான். அச்சில் அடித்த நாணயத்தின் விளிம்புக் கோடுகள் கூராக, ஒரே சீராக ஓடும். வார்த்தெடுத்ததில் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு தெரியும், எழுத்துகள் சோப்புக் கட்டியில் பொறித்தவைபோல் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம்; பத்து கிராமே நிற்குமானால் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது பொய். வெள்ளி டாலர் என்று விற்கும் சீனப் போலிகளில் பல காந்தத்துக்கே மாட்டிக்கொள்ளும். நூறு மில்லிகிராம் வித்தியாசம் காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தத் துண்டு, இவை மூன்றும் சட்டைப் பையில் அடங்கும். கண்காட்சியில் நல்ல வியாபாரி இவற்றை வைத்துப் பார்க்க முகம் சுளிக்க மாட்டார். சுளிக்கிறவரின் மேசையிலிருந்து நகர்ந்துவிடலாம். பத்து ரூபாய்த் தட்டில் இந்தப் பழக்கத்தைக் கற்றால், பிழை செய்தாலும் நட்டம் பத்து ரூபாய். அதையே பத்தாயிரம் ரூபாய்ச் சோழர் காசில் கற்பவர் கொடுக்கும் குருதட்சணை அதிகம்.

படிக்கத் தெரியாமை எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு நம் மாவட்டங்களில் சான்றுகளுக்குக் குறைவில்லை. டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டுக்கும் வைஷ்ணவி தேவி நாணயத்துக்கும் லட்சங்கள் தருவதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களை நம்பி, 'பதிவுக் கட்டணம்', 'வரி' என்று முன்பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படிக் கட்டணம் வசூலிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டிவந்தது. இன்னொரு கூட்டம் அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று அனுமார் உருவமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்பு வில்லையைக் கோடிக்கு விலை பேசும். கம்பெனி சாமி உருவத்தோடு காசு அடித்தது உண்மைதான்; மேலே சொன்ன அரை வராகனே சாட்சி. அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் பிழைக்கிறது. ஆனால் அரை அணா, ஓர் அணா என்று அனுமாரோடு 1818-இல் கம்பெனி வெளியிட்ட நாணயம் எதுவும் கிடையாது. உலக நாணயப் பட்டியல் எதையும் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வழி இல்லாததால் நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு.

இது காசு இருப்பவர்களின் விளையாட்டு, அல்லது மறைமுகமான முதலீடு என்று சொல்பவர்களுக்கு நேரான பதில் ஒன்று உண்டு. பத்து ரூபாய்த் தட்டில் வாங்கும் உலக நாணயம் இருபது வருடம் கழித்தும் ஏறக்குறைய பத்து ரூபாய்க்குத்தான் போகும். கோடிக்கணக்கில் அச்சான சில்லறை அது, அருமைப்பட வழியில்லை. லாபம் கிடைக்கும் என்று ஆசை காட்டி யாராவது உலக நாணயம் விற்றால் அவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. லாபம் இல்லை என்பதே இந்தச் சேகரிப்பின் பாதுகாப்பும்கூட. விலை ஏறும் இடத்தில் போலி வரும், பொய் வரும், பேராசை வரும். விலை ஏறாத இடத்தில் படிப்பு மட்டும் மிஞ்சும். மாதம் ஐம்பது ரூபாய் செலவழிக்கக்கூடிய மாணவி ஒரு வருடத்தில் முப்பது, நாற்பது நாடுகளைச் சேர்த்துவிடலாம்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. நாணயக் கண்காட்சிகள் பழங்காசுக்குச் சந்தை ஏற்படுத்துகின்றன. சந்தை இருப்பதால்தான் ஆற்றுப் படுகைகளிலும் மேடுகளிலும் தோண்டுகிறார்கள். தோண்டியெடுத்த காசு எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்ற சான்று அழிந்துபோகிறது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். இதில் மறுக்க ஒன்றும் இல்லை. கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்த காசுகளில் எத்தனைக்கு இடக் குறிப்பு இருக்கிறது? மறுபுறம், சங்க கால நாணயங்களைத் தமிழ் வரலாற்றுக்கு மீட்டுக்கொடுத்ததில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் பங்கு பெரிது. பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியர் காசை அவர் 1980-களில் வெளிப்படுத்தினார். வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் புழங்கிய காசுகளைத் தேடி வாங்கி, படித்து, வெளியிட்டார். அவர் வாங்காமல் இருந்திருந்தால் அவற்றில் பல உருக்குப் பாத்திரத்துக்குப் போயிருக்கும். ஆக, சேகரிப்பவர் எல்லாரும் கொள்ளைக்குத் துணை என்று பேசுவதும் தவறு. எல்லாரும் கிருஷ்ணமூர்த்தி ஆகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதும் தவறு. புதிதாகத் தொடங்குகிறவர் எழுத்தைப் படிக்கவும் மாட்டார், கிடைத்த இடத்தைக் கேட்கவும் மாட்டார். அவர் கொடுக்கும் பணம் மட்டும் அடுத்த தோண்டலுக்கு முதலாகும். அதனால்தான் அவரை உலக நாணய மேசைக்கு அனுப்ப வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் ஜப்பானிய யென்னுக்காக எந்த மேட்டையும் யாரும் தோண்டுவதில்லை. பழங்காசின் மேல் காதல் பிறந்தவர்களுக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு இருக்கிறது. பார்க்கக் கட்டணம் சொற்பம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடலாம். நிலத்தில் புதையலாகக் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விக்டோரியா ரூபாயை வாங்கி அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்குப் பார்சல் அனுப்ப நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்த இரண்டையும் எழுதிய அட்டை ஒன்றைக்கூட வாசலில் வைக்காத கண்காட்சி, அமைப்பாளர்களின் அலட்சியத்தைத்தான் காட்டும்.

நகரத்துக் கண்காட்சியை அப்படியே தூக்கிவந்து நல்லம்பள்ளியில் வைப்பதால் பயன் குறைவு. பெரும்பாலான மேசைகளில் நாட்டின் பெயர்கூடத் தமிழில் எழுதியிருக்காது; இருந்தாலும் விலை மட்டும்தான் பெரிய எழுத்தில். இங்கே வேண்டியது வேறு மாதிரி. தேசிய நெடுஞ்சாலை 44-இல், தருமபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்குச் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சேகரிப்பாளர்கள் வந்துபோவது எளிது. பள்ளிக்கூட அறை இரண்டு போதும். ஓர் அறையில் உலக நாணயங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நாடு, ஆண்டு, உலோகம், படத்தில் இருப்பது என்ன என்று தமிழில் நாலு வரி. பக்கத்தில் ரிசர்வ் வங்கி சொன்ன 14 பத்து ரூபாய் வடிவங்களும் வரிசையாக. தொட்டுப் பார்க்கத் தனியாக ஒரு தட்டு, தராசு, காந்தம். இன்னோர் அறையில் வீட்டு டப்பாவைக் கொண்டுவருகிறவர்களுக்கு அது என்ன காசு என்று சொல்லும் ஒருவர். வாங்கவும் விற்கவும் அந்த அறையில் இடம் தரக் கூடாது. மதிப்பு சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால் ஏமாறப்போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊராட்சி ஒன்றியமும் பள்ளித் தலைமையாசிரியர்களும் சேலம், தருமபுரிப் பகுதி நாணயச் சேகரிப்பாளர்களை அழைத்தாலே இதைச் செய்துவிடலாம். செலவு ஒரு ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆவதைவிடக் குறைவு.

அதற்குள் ஏதாவதொரு நகரத்துக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காமல் எல்லா மேசைகளையும் சுற்றிப் பாருங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். புளி போட்டும் சபீனா போட்டும் பளபளக்கத் தேய்த்த காசைச் சேகரிப்பாளர் எவரும் மதிப்பதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய காசைத் தேய்க்காதீர்கள், அழுக்கோடே விடுங்கள். மெத்தென்ற பிவிசி உறையில் போட்டால் சில வருடத்தில் பச்சைப் பசை படியும். காகித உறையே நல்லது. வாங்கிய அன்றே எங்கே, யாரிடம், என்ன விலை என்று உறையின் மேல் எழுதி வையுங்கள்.

உங்கள் ஊர்க் கடையில் யாராவது 10 ரூபாய் நாணயத்தை வேண்டாம் என்றால், அதைப் புரட்டிக் காட்டி ஏன் செல்லும் என்று விளக்குங்கள்.